டெவலப்பருக்கு மாற்று உண்டு

அனகாபுத்தூர்க்காரர்களுக்குப் பழைய கேமரா வேண்டுமென்றால் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பம்மலைத் தாண்டிப் பல்லாவரம் போனால் போதும். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூடும் சந்தையில், புறாக்களுக்கும் பூச்செடிகளுக்கும் ஓடாத மிக்சிகளுக்கும் நடுவே, தோலுறை போட்ட பிலிம் கேமரா ஒன்று எப்போதாவது கண்ணில் படும். வாங்குகிறவர் பெரும்பாலும் கல்லூரி வயதுப் பிள்ளை. ஷட்டர் அடிக்கிறதா, லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்கும். அடுத்த கேள்விதான் கஷ்டம். எடுத்த படத்தை எங்கே கழுவுவது?

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதற்குத் தெருமுனையிலேயே விடை இருந்தது. பல்லாவரமோ குரோம்பேட்டையோ, ஸ்டூடியோ என்றால் முன்னால் கல்யாணப் படங்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. உள்ளே மலையும் ஏரியும் வரைந்த திரை. அதற்கும் உள்ளே, குளியலறை அளவில் ஒரு டார்க் ரூம். ரோலைக் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் நெகட்டிவும் பிரிண்டும் கைக்கு வரும். ஸ்டூடியோக்காரரோடு பழக்கம் இருந்தால் உள்ளே நின்று பார்க்க விடுவார். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் பலர் வீட்டிலேயே கழுவப் பழகினார்கள். இன்று அதே மாதிரிக் கடைகளில் டார்க் ரூம் இருந்த மூலையில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருக்கின்றன. அடையாற்றங்கரை நெசவு ஊரான அனகாபுத்தூர், 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. டார்க் ரூமோ ஸ்டூடியோவை விட்டு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது. ஆனால் வேறு உருவத்தில், வேறு கரைசலோடு.

அந்தக் கரைசலுக்குப் பெயர் டெவலப்பர். கடையில் கிடைக்காதபோதும், கிடைத்தும் கட்டுப்படியாகாதபோதும் அதற்கு ஈடாக எதைப் பயன்படுத்தினார்கள், இன்று எதைப் பயன்படுத்துகிறார்கள், அவற்றில் எது தேறும் என்று பார்ப்போம்.

பொட்டலமும் தராசும்

பிலிமின் மேல் ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புப் படிகங்கள் பூசப்பட்டிருக்கின்றன. வெளிச்சம் பட்ட படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் பிரிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக்குகிறது. வெளிச்சம் படாத படிகத்தைத் தொடாமல் விடுகிறது. பிறகு ஹைப்போ என்ற இன்னொரு கரைசல் வந்து மிச்ச உப்பைக் கரைத்து எடுத்துவிடும்.

நெசவு ஊரில் இந்த வேதியியலில் பாதி ஏற்கெனவே பழக்கமானது. நூலுக்கு வாட் சாயம் ஏற்றும் தொட்டியில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் கலப்பார்கள். காரக் கரைசலில் ஓர் ஒடுக்கும் பொருள். டெவலப்பரும் அடிப்படையில் அதுதான். ஆனால் பிலிமை ஹைட்ரோஸில் போட்டால் வெளிச்சம் பட்டது, படாதது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். அந்த வித்தியாசம் பார்க்கும் அளவுக்கு மென்மையான ஒடுக்கும் பொருள் எதுவானாலும் டெவலப்பர் ஆகலாம். மாற்று டெவலப்பர் என்ற ஒன்று சாத்தியமாவதே இதனால்தான்.

அப்படிப்பட்ட பொருள் முதலில் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. இங்கிலாந்தின் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறையில் படத்தை வெளிக்கொண்டு வந்தது காலிக் அமிலம். அதன் மூலம் மாசிக்காய். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில், கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க வாங்குகிறோமே, அதே மாசிக்காய். 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் காகித நெகட்டிவில் பதிவு செய்த லின்னேயஸ் டிரைப் அந்த மரபில் வந்தவர். பிறகு 1880இல் ஹைட்ரோகுவினோன் வந்தது. 1891இல் மெட்டால் வந்தது, அதே ஆண்டில் ரோடினாலும் வந்தது. மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் ஒன்றுசேர்ந்தால், தனித்தனியே செய்யும் வேலையைக் கூட்டினால் வருவதைவிட அதிக வேலை செய்யும். ஸ்டூடியோக்காரர்கள் ‘எம்.க்யூ.’ என்று சொன்னது இந்த ஜோடியைத்தான்.

1920களின் பிற்பாதியில் கோடாக் நிறுவனத்தின் ஜான் கேப்ஸ்டாஃப் சினிமா பிலிமுக்காக உருவாக்கிய டி-76, உலகம் முழுக்க அளவுகோலாகிவிட்டது. அதன் சேர்மானம் ரகசியமில்லை. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். இல்ஃபோர்டு விற்கும் ஐடி-11 ஏறக்குறைய இதுவே. சூத்திரம் வெளியானதால் இறக்குமதி டப்பாவுக்குக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனது.

இங்கே டப்பாவுக்குக் காத்திருக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 1991க்கு முன்பு இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், வரியும் அதிகம். பிலிமே அளந்து கிடைத்த நாட்களில் டெவலப்பர் டப்பாவுக்கு யார் அலைவது? கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ என்.பி.22 ரோலும் ஊட்டியின் ‘இந்து’ ரோலும்தான் சாதாரண ஆளின் கைக்கு எட்டியவை. ஆகவே பாரிமுனைப் பக்கம் போய் மெட்டால், ஹைட்ரோகுவினோன், சல்ஃபைட் என்று தனித்தனிப் பொட்டலமாக வாங்கி வருவார்கள். வீட்டில் தராசு வைத்து நிறுப்பார்கள். 2 கிராம் மெட்டாலை நிறுக்க மளிகைக் கடைத் தராசு உதவாது, தங்கம் நிறுக்கும் தராசு வேண்டும். அது இல்லாதவர்கள் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, இத்தனை கரண்டி என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள்.

கரைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. வெந்நீரில் முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட். அது மெட்டால் காற்றுப் பட்டுக் கெடாமல் காக்கும். பிறகு மெட்டால். அதன் பின்தான் மீதி சல்ஃபைட், ஹைட்ரோகுவினோன், வெண்காரம். வரிசையை மாற்றி சல்ஃபைட் முழுவதையும் முதலில் கொட்டினால் மெட்டால் கரையாமல் மிதக்கும். இதை யாரும் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை. ஸ்டூடியோவில் நின்று கற்றார்கள். மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பும் வெடிப்பும் கொண்டுவரும் என்பதையும் அங்கேதான், நீண்ட நாள் கைவிட்டுக் கழுவியவர்களின் விரல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

தட்டுப்பாடு கருவிகளுக்கும் இருந்தது. மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் எம். கிருஷ்ணன் (1912–1996) காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது, பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய ஒரு கேமராவில். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. கிடைப்பதை வைத்துக் காரியம் முடிப்பது அந்தத் தலைமுறைப் படக்காரர்கள் எல்லோருக்கும் இருந்த குணம்.

அனகாபுத்தூர்த் தறிகளுக்கும் அந்தக் குணம் உண்டு. இங்கே நெய்த ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ துணி கப்பலேறி நைஜீரியாவுக்குப் போனது. 1970களில் அந்தச் சந்தை சுருங்கிய பின், வாழைநாரையும் சணலையும் நூலோடு சேர்த்துச் சேலை நெய்யப் பழகினார்கள். பழைய பொருளுக்குச் சந்தை போனாலும் கைத்தொழில் போய்விடவில்லை.

வெயிலும் தண்ணீரும்

டெவலப்பர் சூத்திரங்கள் எல்லாம் குளிர்நாட்டுச் சரக்கு. டப்பாவில் அச்சிட்ட நேரம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. சென்னைப் புறநகரில் மார்கழி விடியலில் மட்டும்தான் குழாய்த் தண்ணீர் அதற்குப் பக்கத்தில் வரும். சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும்.

சூடு ஏறினால் இரண்டு கேடு. ஒன்று, டெவலப்பர் வேகமாகிவிடும். 20 டிகிரியில் 10 நிமிடம் கேட்பது 24 டிகிரியில் ஏறக்குறைய 7 நிமிடத்தில் முடியும். 30 டிகிரியைத் தாண்டினால் நேரம் மிகவும் குறைந்துபோய், 5 நிமிடத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிவரும். அவ்வளவு குறைந்த நேரத்தில் கரைசல் எல்லா இடத்திலும் சமமாக வேலை செய்யாது, வானத்தில் திட்டுத் திட்டாக விழும். இரண்டு, ஜெலட்டின் ஊறி உப்பும். விரல் பட்டால் வழன்று வரும்.

அன்று இதற்குப் பல உபாயங்கள் இருந்தன. விடியற்காலையில் கழுவுவது. மண்பானைத் தண்ணீரில் கரைப்பது. ஐஸ் வாங்கித் தட்டைச் சுற்றிப் போடுவது. ஹைப்போவில் படிகாரம் சேர்த்து ஜெலட்டினை இறுக்குவது. டெவலப்பரில் சோடியம் சல்ஃபேட் கலந்து ஊறலைத் தடுப்பது. வெப்பநாட்டு டெவலப்பர் என்ற பெயரில் கோடாக்கே டி.கே.-15 என்ற சூத்திரத்தை வெளியிட்டிருந்தது.

இன்று ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு அரிது. பக்கெட் தண்ணீரில் இரண்டு ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு அதற்குள் பிலிம் கழுவும் டேங்கை நிற்க வைத்தால் 22, 23 டிகிரி எளிதில் கிடைக்கும். இன்றைய பிலிம்களின் ஜெலட்டினும் முன்னைவிட இறுக்கமானது. ஆகவே வெயில் இப்போது பாதிப் பகைதான். இருந்தாலும் ஒரு தெர்மாமீட்டருக்குச் செலவழிக்கத் தயங்குகிறவர் எந்த டெவலப்பரை வாங்கினாலும் பயனில்லை. ஒரே டெவலப்பரை வேறுவேறு சூட்டில் பயன்படுத்துவதால் வரும் வித்தியாசம், இரண்டு டெவலப்பர்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. டெவலப்பர்களை ஒப்பிடுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பாதிப் பேர் உண்மையில் ஒப்பிடுவது இரண்டு நாட்களின் தண்ணீரைத்தான்.

தண்ணீரும் மாறிவிட்டது. புறநகர் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதிலுள்ள கால்சியம், டெவலப்பரின் சல்ஃபைட்டோடும் சோடாவோடும் சேர்ந்து வெள்ளையாகப் படியும். கழுவி உலர்த்திய நெகட்டிவில் சுண்ணாம்புப் பொட்டு விழும். அன்று மழைநீரைப் பிடித்து வைத்தார்கள், இல்லையென்றால் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு வடிகட்டினார்கள். இன்று வாசலுக்கு வரும் 20 லிட்டர் கேன் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீர். கரைசலுக்கும் கடைசி அலசலுக்கும் அது போதும். நடுவில் செய்யும் அலசலுக்குக் குழாய்த் தண்ணீரே போதுமானது.

டார்க் ரூமும் சுருங்கியிருக்கிறது. சினிமாவில் காட்டும் சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும்போது மட்டும்தான். இன்றைய கறுப்பு வெள்ளை பிலிமுக்குச் சிவப்பும் வெளிச்சமே, அதை முழு இருட்டில்தான் எடுக்க வேண்டும். அன்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, பிலிமை இரு கையிலும் பிடித்துத் தட்டுக்குள் மேலும் கீழும் இழுத்தார்கள். இன்று கைவிடும் கறுப்புப் பை ஒன்று, வெளிச்சம் புகாத டேங்க் ஒன்று. பிலிமைப் பைக்குள் சுற்றி டேங்கில் மூடிவிட்டால் மீதி வேலையைச் சமையலறை வெளிச்சத்தில் செய்யலாம். என்லார்ஜரும் தாளும் கிடைப்பது அரிதாகிவிட்டதால், நெகட்டிவை ஸ்கேன் செய்தோ பின்னால் வெளிச்சம் வைத்து மொபைலில் எடுத்தோ முடித்துக்கொள்கிறார்கள்.

மளிகைக் கடையும் மருந்துக் கடையும்

அன்று பொருளுக்குப் பஞ்சம், விவரம் தெரிந்தவர் அடுத்த தெருவில் இருந்தார். இன்று பொருள் அடுத்த தெருவில் இருக்கிறது, விவரம் தெரிந்தவர் இல்லை. இறக்குமதி டெவலப்பர் வாங்கலாம்தான், ஆனால் விலையோடு கூரியர் செலவும் காத்திருப்பும் சேர்ந்து வரும். ஆகவே கண் மளிகைக் கடைப் பக்கம் போகிறது.

அங்கே முதலில் நிற்பது காப்பி. 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் தம் மாணவர்களோடு செய்து பார்த்தது இது. காப்பியில் இருக்கும் காஃபியிக் அமிலமும் அதன் உறவுப் பொருள்களும் மாசிக்காயின் காலிக் அமிலத்துக்குப் பங்காளிகள். காரக் கரைசலில் வெள்ளியை ஒடுக்கும். கஃபீனுக்கு இதில் வேலை இல்லை. காஃபினால் என்று பெயர் பெற்ற இந்தக் கரைசலுக்குப் பின்னாளில் வைட்டமின் சி சேர்த்தார்கள். மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் போல இவை இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிட, பழைய அரை மணி நேர வேலை பாதியாகக் குறைந்தது. பரவலாகப் புழங்கும் அளவு, ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பி 40 கிராம். 20 டிகிரியில் 15 நிமிடம்.

இந்த மூன்றில் ஒவ்வொன்றிலும் நம் ஊர்க் கடைக்கு ஏற்ற எச்சரிக்கை ஒன்று உண்டு.

முதலில் சோடா. சூத்திரம் கேட்பது நீரற்ற சோடியம் கார்பனேட். கட்டி கட்டியாக, கண்ணாடிபோல் பளபளக்கும் சலவை சோடா கிடைத்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் படிக நீர். 54 கிராமுக்குப் பதில் 146 கிராம் போட வேண்டும். வெளுத்துப் பொடியானதோ இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். இந்தக் குழப்பத்துக்கு நல்ல வழி, ஆப்ப சோடாவை அவனிலோ வெறும் வாணலியிலோ நன்றாகச் சூடாக்குவது. 200 டிகிரியில் அது கரியமில வாயுவையும் நீரையும் விட்டு நீரற்ற சோடியம் கார்பனேட்டாக மாறும். 100 கிராம் போட்டு 63 கிராம் வந்தால் மாற்றம் முடிந்தது என்று அறியலாம். காஃபினால் வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்களில் பலரை ஏமாற்றியது காப்பியல்ல, சோடாதான்.

அடுத்து காப்பி. ஃபில்டர் டிகாக்ஷன் ஆகுமா என்று எந்தத் தமிழரும் முதலில் கேட்பார். ஆகும், ஆனால் இன்றைய டிகாக்ஷனின் திடம் நாளைக்கு வராது. அதே படத்தை மறுபடி அதே மாதிரி கழுவ முடியாது. இன்ஸ்டன்ட் காப்பியிலும் சிக்கரி கலந்தது வேண்டாம். எவ்வளவு காப்பி உள்ளே போகிறது என்று கணக்குத் தவறும். லேபிளில் காப்பி மட்டும் என்று போட்டிருப்பதை வாங்க வேண்டும். விலையுயர்ந்த அராபிகாவைவிட மலிவான ரொபஸ்டாவில் அந்த அமிலங்கள் அதிகம். இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி ரொபஸ்டாவே என்பது நமக்கு வசதி.

மூன்றாவது வைட்டமின் சி. ஆரஞ்சு வாசனையோடு சப்பும் மாத்திரையில் சர்க்கரையும் நிறமும் பசையும் உண்டு. அஸ்கார்பிக் அமிலத் தூளாக வாங்குவதே சரி. சோடாவைக் கரைத்து ஆறவிட்டு, பிறகு இதைப் போட வேண்டும். நுரைத்து அடங்கும். கடைசியாகக் காப்பி. கரைசல் ஒரு வேளைக்குத்தான், எடுத்து வைக்க முடியாது. நாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். காப்பி வாசனையை எதிர்பார்த்து மூடியைத் திறப்பவர் ஏமாந்துபோவார்.

மருந்துக் கடையில் கிடைப்பது பாராசிட்டமால். 1891இல் ஆண்ட்ரேசன் உருவாக்கிய ரோடினாலில் வேலை செய்வது பாரா-அமினோஃபீனால் என்ற பொருள். பாராசிட்டமால் அதன் அடுத்த வீட்டு மூலக்கூறு. காஸ்டிக் சோடாவில் ஊறினால் தன் வாலை உதறிவிட்டு பாரா-அமினோஃபீனாலாக மாறும். 500 மில்லிகிராம் மாத்திரை 30, சோடியம் சல்ஃபைட் 50 கிராம், காஸ்டிக் சோடா 20 கிராம், மொத்தம் 250 மில்லி தண்ணீர். மூன்று நாள் மூடி வைத்தால் ரோடினாலின் தம்பி தயார். ‘பாரோடினால்’ என்று பெயர். ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர் கலந்து பயன்படுத்துவார்கள். மாத்திரையில் பாராசிட்டமால் மட்டும் இருக்க வேண்டும், சளி மாத்திரை ஆகாது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். குழந்தைகள் உள்ள வீட்டில் பாட்டிலுக்குப் பெயர் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். சமையல் பாத்திரம் எதுவும் இந்த வேலைக்குப் போனால் மறுபடி அடுப்புக்கு வரக் கூடாது.

மூன்றாவது வழி, பழைய வழியேதான். கெமிக்கல் கடையில் மெட்டாலும் சல்ஃபைட்டும் இன்றும் கிடைக்கின்றன. நிறுக்கும் தொல்லையும் போய்விட்டது, உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் தராசு பத்தில் ஒரு கிராமைக் காட்டும். டி-76இன் நான்கு பொருளும் வேண்டாமென்றால் டி-23 இருக்கிறது. 1940களில் கோடாக் வெளியிட்ட இதில் இரண்டே பொருள். லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், சல்ஃபைட் 100 கிராம்.

எது எதற்கு

இந்த நான்கு டெவலப்பரிலும் ஒரே வகைப் பிலிமைக் கழுவிப் பக்கத்தில் வைத்தால் என்ன தெரியும்?

டி-76 நடுநிலையாளர். துகள் மிருது, நிழலிலும் விவரம் உண்டு, ஒளிரும் இடமும் அடங்கி நிற்கும். அதன் 100 கிராம் சல்ஃபைட் வெள்ளித் துகளின் ஓரங்களைச் சற்றே கரைத்து மென்மையாக்குகிறது. சரிபாதி தண்ணீர் கலந்தால் அந்தக் கரைப்பு குறைந்து கூர்மை கூடும். இல்ஃபோர்டின் எச்.பி.5 பிலிமுக்கு ஐடி-11இல் தண்ணீர் கலக்காமல் ஏழரை நிமிடம், சரிபாதி கலந்தால் 13 நிமிடம் என்பது அந்த நிறுவனம் தரும் கணக்கு. வெயில்காலத்தில் நிமிடம் அதிகமாக இருப்பதே நமக்கு நல்லது, சற்றுச் சூடு கூடினாலும் குறைத்துக்கொள்ள இடமிருக்கும். டி-76க்கு ஒரு குறையும் உண்டு. கலந்து வைத்த பாட்டில் நாளாக ஆக வீரியம் ஏறும். சென்னைச் சூட்டில் அது விரைவாகவே நடக்கும்.

டி-23 கொஞ்சம் சாது. ஹைட்ரோகுவினோன் இல்லாததால் ஒளிரும் இடங்களை முரட்டுத்தனமாகக் கறுக்கவைக்காது. உச்சிவெயிலில் வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் ஒரே படத்தில் விழும் நம் ஊருக்கு இந்தச் சாதுத்தனம் பொருந்தும். இதையே இரண்டு தொட்டியாகப் பிரிக்கலாம். முதல் தொட்டியில் டி-23, இரண்டாவதில் வெறும் வெண்காரக் கரைசல். பிலிம் முதல் தொட்டியில் உறிஞ்சிய டெவலப்பரோடு இரண்டாவதற்குப் போகும். அது தீர்ந்ததும் வேலை தானாக நிற்கும். ஒளிரும் இடத்தில் டெவலப்பர் சீக்கிரம் தீரும், நிழலில் நீடிக்கும். சூட்டுக்கும் நேரத்துக்கும் இது அவ்வளவாக அசையாது. தெர்மாமீட்டரோடு மல்லுக்கட்டும் வெயில் ஊருக்கு இதைவிடத் தோதான முறை இல்லை என்பது என் கட்சி.

பாரோடினால் அண்ணனைப் போலவே கூர்மை, அண்ணனைப் போலவே துகளைப் பெரிதாகக் காட்டும். ஐ.எஸ்.ஓ. 100 பிலிமில் அழகு, 400இல் மணல் இறைத்ததுபோல் இருக்கும். பிடித்தவர்களுக்கு அதுவே பிடிக்கும். செறிவான கரைசல் மாதக்கணக்கில் தாங்கும். எப்போதாவது ஒரு ரோல் எடுப்பவருக்கு இது பெரிய வசதி.

காஃபினால் வியக்கவைக்கும் அளவுக்கு நல்ல படம் தரும், ஆனால் படத்தோடு பழுப்புக் கறையும் தரும். வேகமான பிலிமில் மூட்டம் போடும். லிட்டருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் புரோமைடு அதை அடக்கும். ஸ்கேன் செய்பவருக்கு இந்தக் கறையால் தொல்லை அதிகமில்லை, பிரிண்ட் போடுபவருக்கு நேரக் கணக்கு மாறும். மலிவு என்ற பெயர்தான் இதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. 40 கிராம் தூய இன்ஸ்டன்ட் காப்பியும் வைட்டமினும் ஒரே வேளையில் கீழே போகின்றன. டி-23இல் ஒரு ரோலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், காப்பியைக் குடித்துவிடலாம் என்று தோன்றும். காஃபினாலின் உண்மையான லாபம் வேறு. டெவலப்பருக்காகக் கெமிக்கல் கடைக்கு அலையாமல் இன்று மாலையே ஒருவர் தொடங்கிவிடலாம், விஷப் பொட்டலம் எதுவும் வீட்டுக்குள் வராது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாசல் இல்லை.

எந்த டெவலப்பரானாலும் ஹைப்போவுக்கு மளிகைக் கடையில் நம்பகமான மாற்று கிடையாது. அது மலிவானதே, வாங்கிவிட வேண்டும். பழைய ஹைப்போவில் கரைந்த வெள்ளி இருக்கும். அன்று அதைத் தேடி வாங்கிப் போக ஆள் வருவார்கள். இன்று பலரும் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். அது ஏற்கெனவே போதுமான அளவு சீரழிந்திருக்கும் அடையாற்றில்தான் போய்ச் சேரும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதில் சில நாள் ஊறவிட்டால் இரும்பு கரைந்து, வெள்ளி கறுப்பு வண்டலாகப் படியும். வண்டலை எடுத்து வைத்துவிட்டால், ஊற்றும் நீரில் வெள்ளி மிகவும் குறைந்திருக்கும்.

மாற்று இல்லாதது

டெவலப்பரை ஒருவர் காப்பியிலும் காய்ச்சல் மாத்திரையிலும் செய்யலாம். பிலிமை அப்படிச் செய்ய முடியாது. வெள்ளி உப்பை ஜெலட்டினில் நுண்படிகமாக வளர்த்து, முழு இருட்டில், தூசி இல்லாமல், மைக்ரான் கணக்கில் மெல்லிதாகப் பூச ஆலை வேண்டும். அந்த ஆலை நம் மாநிலத்திலேயே இருந்தது. 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு ஊட்டியில் 1967இல் உற்பத்திக்கு வந்தது. குளிரும் தூய காற்றும் நல்ல தண்ணீரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வைத்தன. ரோல் பிலிம், சினிமா பிலிம், எக்ஸ்ரே பிலிம், தாள் என்று ‘இந்து’ பெயரில் வந்தவை நாடெங்கும் போயின. ஆலையைச் சுற்றி இந்து நகர் என்ற குடியிருப்பே எழுந்தது.

பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்காக 1980களில் போட்ட பெரிய முதலீடு கடனாக ஏறியது. 1991க்குப் பின் இறக்குமதி வாசல் திறந்ததும் வெளிநாட்டுப் பிலிமோடு விலையில் நிற்க முடியவில்லை. 1990களின் நடுவில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் வந்து மிச்சத்தை முடித்தது. 2014இல் மத்திய அமைச்சரவை ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு வழங்க ஒப்புதல் தந்தபோது உற்பத்தி என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2012 ஜனவரியில், கோடாக்கே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிருந்தது. கோடாக் எப்படியோ எழுந்து நின்று இன்றும் பிலிம் பூசுகிறது. ஊட்டி எழவில்லை.

ஆகவே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொருளைக் கொண்டு அளந்தால் கணக்கு தலைகீழாக இருக்கிறது. அன்று டெவலப்பர் அரிது, பிலிமில் உள்ளூர்ச் சரக்கும் இருந்தது. இன்று டெவலப்பர் மளிகைக் கடைச் சரக்கு, பிலிம் ஒவ்வொரு ரோலும் கடல் கடந்து வருகிறது. அன்று கரைசலில் சிக்கனம் பார்த்தது நியாயம். இன்று சிக்கனத்தைப் பிலிமின் பக்கம் காட்ட வேண்டும். தங்கை கல்யாணத்தையோ பாட்டியின் கடைசிப் பொங்கலையோ எடுத்த ரோலைப் புதிதாகக் கலந்த காப்பியில் போட்டுப் பார்ப்பது சிக்கனம் ஆகாது. அதற்கு டி-76 போல நடையறிந்த ஒன்றுதான் சரி. பரிசோதனைக்குத் தெருவையும் தறியையும் எடுத்த ரோல்கள் இருக்கின்றன.

அந்தப் பரிசோதனை ரோலையும் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டியதில்லை. 35 மில்லிமீட்டர் ரோலின் முனையில் நாக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு எப்படியும் வெளிச்சம் பட்டுத்தான் இருக்கும், யாரும் அதில் படம் எடுப்பதில்லை. டேங்கில் ஊற்றும் முன், அதில் ஒரு விரல் நீளம் வெட்டி, பட்டப்பகல் வெளிச்சத்திலேயே புதுக் கரைசலில் போடுங்கள். சில நிமிடத்தில் நன்றாகக் கறுத்தால் கரைசலுக்கு உயிர் இருக்கிறது. கறுக்காவிட்டால் சோடாவையோ காப்பியையோ சந்தேகப்பட்டு, கரைசலைக் கீழே ஊற்றிவிட்டு இன்னொரு லிட்டர் கலக்கலாம். ரோல் அதுவரை பத்திரமாக இருக்கட்டும்.